பூட்டு ஓரிடம், சாவி வேறிடம்: ‘மிஸ்ட்’ ஆடும் முறை

‘மிஸ்ட்’ விளையாட்டைத் திறந்ததும் நீங்கள் ஒரு தீவின் படகுத்துறையில் நிற்பீர்கள். துறையை ஒட்டி, பாய்மரத்தின் உச்சி மட்டும் தெரிய ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கும். குன்றின் மேல் ஆளைவிடப் பெரிய பற்சக்கரங்கள். தீவின் ஒரு கோடியில் ராக்கெட். கரைக்கு அப்பால் தண்ணீருக்குள் மணிக்கூண்டு. நடுவில் தூண்கள் வைத்த நூலகம். ஆள் அரவமே இருக்காது. என்ன செய்ய வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். சண்டை கிடையாது, மதிப்பெண் கிடையாது, உங்களை விரட்டும் கடிகாரமும் கிடையாது.

இப்படிப்பட்ட விளையாட்டில் பலரை வீழ்த்துவது சலிப்புதான். ஒரு கதவு திறக்காது; இன்னொரு கதவும் திறக்காது; கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கிப் பார்த்துவிட்டு, ‘இது நமக்கு ஆகாது’ என்று மூடிவைத்துவிடுவார்கள். அப்படி மூடிவைக்காமல் கடைசிவரை போவதற்கான வழிமுறைகளே இந்த அத்தியாயம். விடைகளின் பட்டியலை இங்கே தேட வேண்டாம். தொடக்கத்தில் வரும் ஒரே ஒரு புதிரை மட்டும் முழுக்க அவிழ்த்துக் காட்டுகிறேன். மற்றவற்றுக்கு எங்கே பார்ப்பது, எதைக் குறித்துக்கொள்வது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மிஸ்ட் கேட்பது கையை அடக்கும் பொறுமை. அமுக்குவதற்கு முன் பார்க்க வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும். எழுதியதை வேறோர் இடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். இந்த மூன்றும் பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஏன் இப்படி இருக்கிறது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் நகருக்கு அருகே இயங்கிய ‘சையான்’ நிறுவனத்தில், ரேண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் சிறு குழுவோடு உருவாக்கிய விளையாட்டு இது. 1993 செப்டம்பரில் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்தது. அடுத்த ஆண்டு விண்டோஸுக்கு வந்தது. 60 லட்சத்துக்கும் மேல் விற்று, 2002இல் ‘தி சிம்ஸ்’ முந்தும்வரை கணினி விளையாட்டுகளில் விற்பனை முதலிடம் இதனிடமே இருந்தது. சிடி-ராம் டிரைவை வீட்டுக் கணினிகளில் பரவச் செய்ததிலும் இதற்குப் பங்குண்டு.

வரலாற்றில் ஒரு செய்தி மட்டும் ஆடுபவருக்கு நேரடியாக உதவும். மூல மிஸ்ட், ஆப்பிளின் ‘ஹைப்பர்கார்டு’ என்ற மென்பொருளில் கட்டப்பட்டது. ஒரு கார்டில் ஒரு படம். ஓரிடத்தில் கிளிக் செய்தால் அடுத்த கார்டு. ஏறத்தாழ 2,500 படங்களை இப்படிக் கோத்ததுதான் அந்த உலகம். ஆகவே பழைய பதிப்பில் நீங்கள் நடப்பதில்லை. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தாவுகிறீர்கள். தாவும்போது பக்கவாட்டில் இருக்கும் வழி கண்ணில் படாமலே போய்விடும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கு பக்கமும் திரும்பிப் பாருங்கள். மேலே ஏணி இருக்கிறதா, கீழே படி இருக்கிறதா என்றும் பாருங்கள். பார்த்த இடங்களுக்கு ஒரே கிளிக்கில் பறந்துபோக மின்னல் வடிவக் குறி ஒன்று தோன்றும். முதல் சுற்றில் அந்த வசதியை அணைத்துவைப்பது நல்லது. பறப்பவருக்கு இடையில் இருப்பது தெரியாது.

எந்தப் பதிப்பை எடுப்பது?

2000இல் வந்த ‘ரியல்மிஸ்ட்’, 2014இல் வந்த அதன் ‘மாஸ்டர்பீஸ்’ பதிப்பு இரண்டிலும் தீவுக்குள் விருப்பம்போல் நடக்கலாம். 2020 இறுதியில் விஆர் கருவிக்கும், 2021இல் கணினிக்கும் முழுக்கப் புதிதாகச் செய்த பதிப்பு வந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் 2021 பதிப்பை எடுக்கலாம். அதில் புதிர்களின் எண்களையும் குறியீடுகளையும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றும் வசதி உண்டு. எப்போதோ, யாரோ சொல்லி விடைகள் காதில் விழுந்திருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கேட்டது எதுவும் செல்லாது. கண்டது மட்டுமே செல்லும்.

பழைய படங்களின் அசைவற்ற அமைதியை விரும்புபவர்கள் மூலப் பதிப்பையே ஆடலாம். எதை எடுத்தாலும் ஹெட்போன் கட்டாயம். காரணத்தைக் கீழே ஒலிப் புதிர்களில் பார்ப்போம்.

நோட்டு இல்லாமல் உட்காராதீர்கள்

1993இல் விற்ற பெட்டிக்குள் சிடியோடு எதுவும் எழுதாத குறிப்பேடு ஒன்றையும் வைத்துக் கொடுத்தார்கள். அது அழகுக்காக வைத்ததில்லை. உங்களிடம் அந்தப் பெட்டி இல்லாவிட்டால், கோடு போடாத நோட்டு ஒன்று, பென்சில், அழிப்பான் போதும். நோட்டை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

1. வரைபடம். வடக்கு எது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு வழி என்று கோடு இழுத்தால் போதும்.

2. பூட்டுகள். திறக்காத கதவு, அசையாத இயந்திரம், எண் கேட்கும் பெட்டி எல்லாம் இதில். ஒவ்வொன்றும் என்ன வகை விடையைக் கேட்கிறது என்று எழுதுங்கள்: மூன்று இலக்கமா, ஒரு நேரமா, ஐந்து ஒலிகளா, ஒரு தேதியா?

3. சாவிகள். புத்தகத்தில் வரைந்திருந்த படம், சுவரில் இருந்த எண், கடிதத்தில் ஒரு வரி. எதற்கு என்று தெரியாவிட்டாலும் எழுதுங்கள்.

4. ஒலிகள். ‘கரகர’, ‘டிங்’, ‘ஊஊ’ என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதினால் போதும். எங்கே கேட்டது என்பது முக்கியம்.

செல்போனில் படம் பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் கையாலும் ஒருமுறை வரையுங்கள். நட்சத்திரக் கூட்டம் ஒன்றைக் கையால் வரையும்போதுதான் அதில் எத்தனை புள்ளிகள் என்று எண்ணுவீர்கள். படம் பிடித்தவருக்கு அந்த வேலை மிச்சமாகிறது. கூடவே விடையும் தள்ளிப்போகிறது.

இந்த நோட்டின் பயன் இரண்டாம், மூன்றாம் தலைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது தெரியும். மிஸ்ட்டில் பூட்டு இருக்கும் அறையிலேயே அதன் விடை பெரும்பாலும் இருக்காது. பூட்டு ஓரிடம், சாவி வேறிடம். மூன்று இலக்கம் கேட்கும் பெட்டி உங்கள் பட்டியலில் இருந்து, மூன்று இலக்கம் எதுவும் சாவிப் பட்டியலில் இல்லையென்றால், அந்தப் பெட்டியின் முன் நிற்பதில் பயனில்லை. தீவில் நீங்கள் பார்க்காத மூலை ஒன்று பாக்கி இருக்கிறது.

ஒரு புதிர், முழுமையாக

விடை தெரிய விரும்பாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

படகுத்துறையிலிருந்து மேலே ஏறிப் போகும் பாதையில் ஒரு தாள் கிடக்கும். ஏட்ரஸ் என்பவர் தன் மனைவி கேத்தரினுக்கு எழுதியது. தீவில் இருக்கும் அடையாளக் கம்பிகளை எண்ணி, அந்த எண்ணைப் படகுத்துறை ஓரத்து அறையிலுள்ள கருவியில் போட்டால் தான் விட்டுச்சென்ற செய்தியைப் பார்க்கலாம் என்கிறார்.

படகுத்துறை அறை உங்கள் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கே போய் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை முயன்று பார்க்கக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். தீவை ஒரு சுற்று சுற்றுங்கள். படகுத்துறை, பற்சக்கரங்கள், கோளரங்கம், ராக்கெட், குட்டிக் கப்பல் மிதக்கும் தொட்டி, மரக் குடில், மணிக்கூண்டு எதிரே, செங்கல் கட்டடம் என ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கம்பி. மொத்தம் எட்டு. எண்ணும்போதே ஒவ்வொன்றையும் மேலே தூக்கிவிட்டு வாருங்கள். பிறகு அறைக்குப் போய் எட்டைப் போட்டால் ஏட்ரஸ் பேசுவார்.

இந்தச் சிறிய வேலை மூன்று காரியங்களை முடித்துவிடுகிறது. தீவு முழுவதையும் உங்களைப் பார்க்க வைத்துவிட்டது. வரைபடம் உங்கள் நோட்டில் ஏறிவிட்டது. மூன்றாவது, தூக்கிவிட்ட கம்பிகள் நூலகத்துச் சுவரிலுள்ள தீவின் படத்தில் அந்தந்த இடங்களைத் தெரிய வைத்திருக்கும். எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே எட்டைக் கண்டுபிடித்திருந்தால் செய்தி மட்டும் கிடைத்திருக்கும், இந்த மூன்றும் கிடைத்திருக்காது. அடுத்த புதிரில் போய் முட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். மிஸ்ட்டில் குறுக்கு வழிக்கான வட்டி இப்படித்தான் வசூலாகிறது.

நூலகத்துக்கு முதல் மரியாதை

அடுத்துப் போக வேண்டிய இடம் நூலகம். அலமாரியில் பெரும்பாலான புத்தகங்கள் எரிந்துபோயிருக்கும். தப்பியவற்றில் நான்கு, ஏட்ரஸ் போய்வந்த நான்கு தனி உலகங்களைப் பற்றிய நாட்குறிப்புகள். இந்த உலகங்களை விளையாட்டு ‘யுகம்’ என்கிறது. மெதுவாகப் படியுங்கள். கதைக்காகப் படிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நடுவில் ஒரு படம் வரும், அது சாவி. இன்னொரு புத்தகம் முழுக்கக் கட்டம் கட்டமான வடிவங்கள். அதை இப்போது படி எடுக்க வேண்டாம். ‘இப்படி ஒன்று இருக்கிறது’ என்று ஒரு வரி மட்டும் எழுதிவையுங்கள்.

சுவர்ப் படத்தில் இருக்கும் கோபுரம் ஒன்றைத் தொட்டுப் பிடித்தால் ஒரு கோடு சுழலும். அது எங்கே நிறம் மாறுகிறது என்று கவனியுங்கள். அதோடு, இந்த அறையில் தொங்கும் ஓவியங்களை வெறும் ஓவியங்கள் என்று நினைக்காதீர்கள். அவற்றைத் தொட்ட பின் அறையில் என்ன மாறியது என்று திரும்பிப் பாருங்கள். கோபுரத்தின் மேல் போய்ச் சேர்ந்தால் இரண்டு ஏணிகள் இருக்கும். ஒன்று பூட்டைக் காட்டும், மற்றது சாவியைக் காட்டும்.

முட்டுக்கட்டை வகைகளும் மருந்தும்

எண் புதிர்கள். செங்கல் கட்டடத்துக்குக் கீழே ஒரு மின் ஆக்கி இருக்கிறது. ஐந்தைந்தாகப் பத்துப் பொத்தான்கள். ராக்கெட்டுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வோல்ட் போக வேண்டும். அளவை மீறினால் மின்சாரம் துண்டிக்கப்படும். வெளியே உள்ள மின்கோபுரத்தில் ஏறி, விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அவசரத்துக்கு இந்த விளையாட்டு தரும் தண்டனை இந்த ஏற்றமும் இறக்கமும்தான். ஒவ்வொரு பொத்தானாக அமுக்கி அது எத்தனை வோல்ட் கூட்டுகிறது என்று எழுதுங்கள். பத்து எண்களும் கையில் வந்த பிறகு மிச்ச வேலை காகிதத்தில் நடக்கும் கூட்டல்தான்.

ஒலிப் புதிர்கள். ராக்கெட்டுக்குள் ஓர் ஆர்கன் இருக்கும். ஐந்து சுரங்களை அதில் கேட்டு, எதிர்ப்பக்கத்திலுள்ள ஐந்து நெம்புகோல்களில் அதே சுரங்களைக் கொண்டுவர வேண்டும். இசை பழகியவருக்குச் சில நிமிட வேலை. பழகாதவர்கள் ஆர்கன் சுரத்தை வாயால் இழுத்துக்கொண்டே நெம்புகோலை நகர்த்துங்கள். சுருதி சேர்ந்தால் குரலே காட்டிக்கொடுக்கும். அதுவும் கைகொடுக்காவிட்டால், சுருதி காட்டும் செயலியைச் செல்போனில் ஓடவிட்டுக்கொள்ளலாம். அது ஏமாற்று வேலை இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பதை யாரும் குற்றம் சொல்வதில்லை. அந்த ராக்கெட் கொண்டுபோய்விடும் ‘செலினிடிக்’ யுகமும் ஒலிகளால் ஆனதே. ஐந்து இடங்களில் ஐந்து ஓசைகள். ஒவ்வோர் இடத்திலும் பொத்தான் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே நோட்டின் நான்காம் பகுதி நிறைய வேண்டும்.

திசைப் புதிர்கள். செலினிடிக் யுகத்தின் அடியில் ஒரு சுரங்க வண்டி இருக்கிறது. பொறுமையைச் சோதிப்பதில் மிஸ்ட்டின் உச்சம் இதுதான். எல்லாத் திருப்பங்களும் ஒன்றுபோலவே தெரியும். கண்ணை நம்பிப் போனவர்கள் சுரங்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி ஓர் ஓசை எழுப்பும். அதைக் கேளுங்கள். அந்த ஓசைகளின் பொருளை உங்களுக்குக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் வேறொரு யுகத்தில் இருக்கிறது: ‘மெக்கானிக்கல்’ யுகத்தில், சுழலும் கோட்டை எந்தத் திசையை நோக்கி நிற்கிறதோ அதற்கென்று ஓர் ஒலி கேட்கும். நான்கு யுகங்களுக்கும் எந்த வரிசையிலும் போகலாம் என்றாலும், மெக்கானிக்கலை முடித்துவிட்டுச் செலினிடிக் போங்கள் என்று நான் சொல்வது இதற்காக. நான்கு திசை ஒலிகள் தெரிந்தால், வடமேற்கு போன்ற இடைத்திசைகள் இரண்டு ஒலிகளின் சேர்க்கை என்பது தானாகப் புலப்படும்.

நீர்ப் புதிர்கள். ‘சேனல்வுட்’ யுகத்தில் தண்ணீரின் மேல் மரப்பாதைகள், மரங்களின் மேல் குடில்கள். காற்றாலை ஏற்றும் நீர் குழாய்களில் ஓடி இயந்திரங்களை இயக்குகிறது. குழாய் பிரியும் இடத்திலெல்லாம் ஒரு திருப்பி இருக்கும். எந்த இயந்திரம் வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கி நடந்து, காற்றாலை வரை எல்லாப் பிரிவுகளையும் வரைந்துவிடுங்கள். ‘ஸ்டோன்ஷிப்’ யுகம் வெள்ளம் புகுந்த இடம். அங்கே மூன்று பொத்தான்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துத் தண்ணீரை இறைக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். வெளிச்சம் தரும் மின்கலமும் சிறிது நேரத்தில் தீர்ந்துபோகும். கலங்கரை விளக்கத்துக்குப் போய் மறுபடி கையால் சுற்ற வேண்டும். அங்கே பூட்டிய பெட்டி ஒன்றோடு போராடும்போது இதை நினைவில் வையுங்கள்: தண்ணீரை எப்போதும் வெளியேற்றத்தான் வேண்டும் என்று சட்டமில்லை.

சிவப்பா, நீலமா?

நூலகத்தில் சிவப்புப் புத்தகம் ஒன்று, நீலப் புத்தகம் ஒன்று. இரண்டிலும் ஏட்ரஸின் மகன்கள் அடைபட்டுக் கிடக்கிறார்கள்: சிரஸ், அக்கினார். காணாமற்போன பக்கங்களைக் கொண்டுவந்து தரும்படி இருவரும் கெஞ்சுவார்கள். மற்றவனை நம்பாதே என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு யுகத்திலும் ஒரு சிவப்புப் பக்கம், ஒரு நீலப் பக்கம். ஆனால் கையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுத்துச் செல்லலாம். இருவர் பேச்சையும் கேட்க வேண்டுமானால் ஒவ்வொரு யுகத்துக்கும் இரண்டு முறை போய்வர வேண்டும்.

இதைக் கேட்டதும் அலுப்புத் தட்டும். நோட்டு சரியாக எழுதியிருந்தால் இரண்டாம் பயணம் விரைவில் முடியும். எழுதாதவர்களுக்கே அது தண்டனை. அந்தப் பயணத்தில், பக்கங்களை எடுத்த அறைகளை நிதானமாகப் பாருங்கள். அண்ணன் தம்பி இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்பதை அவர்கள் பேச்சைவிட அவர்கள் வாழ்ந்த அறைகள் தெளிவாகச் சொல்லும். இழுப்பறைகளைத் திறங்கள். கடைசிப் பக்கத்தை யார் கையிலும் கொடுப்பதற்கு முன் ஆட்டத்தை ஒருமுறை சேமித்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால்

ஒரே இயந்திரத்தின் முன் இருபது நிமிடம் நின்றாயிற்று, நோட்டில் புதிய வரி ஒன்றும் ஏறவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக முயன்று பார்க்கும் எண்ணம் வந்தால், சாவி இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள்.

பிறகு இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் நோட்டைப் புரட்டி, எதிலும் பயன்படாத சாவி இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, வரைபடத்தில் கோடு பாதியில் நிற்கும் இடங்களுக்குப் போங்கள். திறந்த கதவு ஒன்றை மூடிப் பார்த்தீர்களா? கதவின் பின்னால் வழி மறைந்திருப்பது மில்லர் சகோதரர்களுக்குப் பிடித்த வித்தை. மூன்றாவது, கணினியை அணைத்துவிட்டு மறுநாள் வாருங்கள். இரவில் தெரியாத வழி காலையில் தெரிவது புதிர் ஆடுகிற எல்லோருக்கும் வாய்த்த அனுபவம்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் துணை தேடுவதில் வெட்கமில்லை. ஆனால் முழு விடையைக் கேட்காதீர்கள். ‘நான் பார்க்காத இடம் ஏதாவது இருக்கிறதா?’ என்று முதலில் கேளுங்கள். ‘எந்த இடம்?’ என்பது இரண்டாம் கேள்வி. ‘அங்கே எதைப் பார்க்க வேண்டும்?’ என்பது மூன்றாவது. பெரும்பாலும் இரண்டாம் கேள்விக்கு மேல் தேவைப்படாது.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் சேர்ந்தே ஆடுங்கள். ஒருவர் கையில் மவுஸ், ஒருவர் கையில் நோட்டு. இடம் மாற மாற கையும் மாறட்டும். மவுஸ் வைத்திருப்பவர் பார்க்கத் தவறுவதை நோட்டு வைத்திருப்பவர் பார்த்துவிடுவார். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இதில் பெரியவர்களை எளிதாக முந்திவிடுவார்கள், சுரங்க வண்டி ஒலிகளில் குறிப்பாக. அக்கினாரின் அறைகளில் மண்டையோடு, சித்திரவதைக் கருவி போன்றவை இருக்கும் என்பதால் சின்னக் குழந்தைகளைக் கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

முடித்த பிறகு

முடிவு எது என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. அதை அடைந்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூலப் பதிப்பிலோ, புதிர்களை மாற்றாத பதிப்பிலோ புதிய ஆட்டம் ஒன்றைத் தொடங்குங்கள். நேராகக் கடைசி விடைகளைப் போடுங்கள். எந்த யுகத்துக்கும் போகாமல், சில நிமிடங்களில் முடித்துவிடுவீர்கள். வேக ஆட்டக்காரர்கள் செய்வதும் இதைத்தான். முதல் நிமிடம் முதலே அந்தக் கதவுகளைத் திறக்கும் வசதி உங்களிடம் இருந்தது. உங்கள் பாத்திரம் எந்த ஆயுதத்தையும் சேர்க்கவில்லை, எந்தப் பலத்தையும் வளர்த்துக்கொள்ளவில்லை. வளர்ந்தது உங்கள் நோட்டு மட்டும்தான்.

அந்த நோட்டைப் பத்திரப்படுத்திவிட்டு, அடுத்த பாகமான ‘ரிவன்’ விளையாட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்குங்கள். 1997இல் வந்து, 2024இல் மறுபடி உருவாக்கப்பட்ட அது, மிஸ்ட்டைவிடக் கடினம். அங்கே எண்களுக்கே தனி எழுத்து உண்டு. தீவுக் குழந்தைகள் பள்ளியில் படிக்கும் முறையிலேயே நீங்களும் அவற்றைக் கற்க வேண்டும். வாங்கும் நோட்டு கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும்.